எனக்குக் கிடைத்த பேட்ரிக் ஹென்றி

உக்காருங்க சார், உக்காருங்க. பைய நான் மடியில வெச்சுக்கறேன். அரியலூருதானே? நானும் அரியலூருதான். ஒரு மணி நேரம் இருக்கு. எனக்கு அது பத்தாது, இருந்தாலும் சுருக்கிச் சொல்றேன்.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கணுமே உங்களுக்கு? இடிமுழக்கம் இளவழுதி. தெரியலையா? போஸ்டர்ல பாத்திருப்பீங்க சார். மேல தலைவருங்க படமெல்லாம் போட்டு, கீழ கொட்ட எழுத்துல பேரெல்லாம் போட்டு, கட்டக் கடைசியில, அச்சகத்தோட பேருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். அடுத்த போஸ்டர் ஒட்ட வர்ற பசங்க அந்த இடத்துலதான் பிடிச்சுக் கிழிப்பானுங்க. அதான் உங்க கண்ணுல படல.

இப்ப எங்க போறேன்னா, எங்க கட்சி மாவட்டச் செயலாளர்கிட்ட ஒரு மனு குடுக்கப் போறேன். யார் மேல? என் வீட்டுக்காரி மேல. சிரிக்காதீங்க. இது புருசன் பொண்டாட்டி சண்ட இல்ல. பேச்சுரிமைப் பிரச்சன. என் கையில இருந்த மைக்க, ஊரே பாக்க, என் பொண்டாட்டி புடுங்கிட்டா. இத இப்படியே விட்டா நாளைக்கு இந்த நாடு என்ன ஆகும்? நான் சொல்றது சரியா தப்பா?

இது உங்களுக்கு விளங்கணும்னா முதல்ல பேட்ரிக் ஹென்றி விளங்கணும். தெரியுமா அவர? தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனாலதான் எனக்குக் கிடைச்சாரு.

முப்பத்தோரு வருசத்துக்கு முன்னாடி எங்க ஒன்றியத்துல பேச்சுப் பயிற்சி முகாம் வெச்சாங்க. மேடைப் பேச்சாளர்னா கையில ஒரு வெளிநாட்டு அறிஞர் இருக்கணும், அது எங்க பக்கம் ஒரு முறை. ஒருத்தர் வெச்சிருக்கிற அறிஞர இன்னொருத்தர் தொடக் கூடாது. சாக்ரடீச மாவட்டத்துல ஒருத்தர் வெச்சிருந்தாரு. லிங்கன் எங்க ஒன்றியச் செயலாளர் பரமானந்தம் அண்ணனுக்கு. அதுல வாய வெக்கவே முடியாது. செந்துறைல ஒரு பய தெரியாம லிங்கனப் பத்திப் பேசிட்டு மேடையில இருந்து இறங்குறான், தோள்ல இருந்த துண்டப் புடிச்சு இழுத்துட்டாங்க. லெனின ரெண்டு பேரு கேட்டு அடிதடி ஆயிருச்சு. நான் போனப்ப எல்லாரும் தீந்துட்டாங்க. பரமானந்தம் அண்ணன் சட்டப் பையில கைய விட்டு ஒரு சீட்ட எடுத்தாரு. "தம்பி, பேட்ரிக் ஹென்றின்னு ஒருத்தர் மிச்சம் இருக்காரு, வெச்சுக்கறியா?"ன்னாரு. வெச்சுக்கறேண்ணேன்னு வாங்கிட்டு வந்தேன்.

மாவட்ட நூலகத்துல போயித் தேடுனா ஒரு தடிப் புத்தகத்துல அவரப் பத்திப் பதினோரு வரி இருந்துச்சு. பதினோரே வரி சார். அத வெச்சுக்கிட்டு முப்பத்தோரு வருசம் ஓட்டியிருக்கேன்.

அமெரிக்காவுல வெர்ஜீனியான்னு ஒரு மாகாணம். அப்ப அது இங்கிலீஷ் ராஜாவுக்குக் கீழ இருந்துச்சு. நம்ம ஆளு சின்ன வயசுல அங்க கடை வெச்சாரு, நொடிச்சுப் போச்சு. விவசாயம் பாத்தாரு, வீடு எரிஞ்சு போச்சு. மறுபடி கடை வெச்சாரு, மறுபடியும் நொடிச்சுப் போச்சு. அப்பறம் என்ன பண்ணாரு? பேச ஆரம்பிச்சாரு! வக்கீலுக்குப் படிச்சு, கோர்ட்டுல பேசி, சபையில பேசி, கவர்னராவே ஆயிட்டாரு. இதப் படிச்சப்ப நூலகத்துலயே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஏன்னா நானும் சைக்கிள் கடை வெச்சு நொடிச்சவன்.

ஆயிரத்து எழுநூத்து எழுபத்தஞ்சு, மார்ச் இருபத்திமூணு. ரிச்மண்டுன்னு ஒரு ஊரு. அங்க ஒரு சர்ச்சுல எல்லாத் தலைவருங்களும் கூடியிருக்காங்க. ராஜாவ எதுத்துச் சண்டைக்குப் போறதா, சமாதானமாப் போறதா? பெரும்பாலான ஆளுங்க தயங்குறாங்க. எழுந்திருக்கிறாரு ஹென்றி. அடங்குன குரல்ல ஆரம்பிச்சு, ஏத்தி, ஏத்தி, ஏத்தி... "மற்றவர்கள் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பார்களோ நான் அறியேன். எனக்குச் சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு!" ஏன் சார் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க? கண்டக்டர், ஒண்ணும் இல்லப்பா, பேசிக்கிட்டு இருக்கோம்.

இதுல ஒரு வருத்தம் என்னன்னா, மேடையில எனக்குக் குடுத்த வேலை தலைவர் வர்ற வரைக்கும் பேசுறது. அவரு ஆறு மணிக்குன்னா ஒம்பதுக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் கூட்டத்தக் கலையாம வெச்சிருக்கணும். கார் லைட்டு தெரியுற வரைக்கும் பேசணும், தெரிஞ்சா நிறுத்தணும். அது எப்படித்தான் அமையுமோ, நான் ரிச்மண்ட் சர்ச்சுக்குள்ள நுழைஞ்சு "எனக்குச் சுதந்திரம் கொடு"ன்னு சொல்லுவேன், டமார்னு வெடி போடுவானுங்க, "இதோ வந்துவிட்டார்"னு ஒருத்தன் மைக்க வாங்கிக்குவான். முப்பத்தோரு வருசத்துல அந்த வரிய கட்சி மேடை மைக்குல முழுசாச் சொல்லி முடிச்சது நாலே தடவ. அதுல ஒரு தடவ கரண்ட் இல்ல.

வீட்டுலதான் சார் முழுசாப் பேசுவேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னாடி ஒத்திகை. அவ பாத்திரம் விளக்குவா, இல்லேன்னா தையல் மிஷின்ல உக்காந்திருப்பா, நான் எதுத்தாப்புல நின்னு பேசுவேன். ஒரு தடவ கூட குறுக்க ஒரு வார்த்த பேசுனதில்ல. மிஷின் சத்தம் இடைஞ்சலா இருக்குன்னு சொன்னா அதையும் நிறுத்திட்டு உக்காந்திருப்பா. அப்பேர்ப்பட்ட ரசிகை. அவளுக்குப் பேசவே வராதுன்னுதான் நெனச்சிருந்தேன். வந்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா என்ன?

அவ பேரு அஞ்சலை. கல்யாணத்தன்னிக்கே நான் மாத்திட்டேன். என்ன பேரு வெச்சேன் சொல்லுங்க? விடுதலை! மாரிமுத்துவா இருந்தவன் இளவழுதி ஆனேன்ல, அதுமாதிரி. பேரு பிடிச்சிருக்கான்னு அவளக் கேட்டியான்னு என் மச்சான் கேட்டான். விடுதலைன்னா யாருக்குய்யா பிடிக்காது? ஆனா பாருங்க, ஊர்ல ஒருத்தரும் அப்படிக் கூப்பிடல. நான் ஒருத்தன்தான். காலையில எழுந்ததும், "விடுதலை, வெந்நி வெச்சியா?" சாயங்காலம், "விடுதலை, என் வேட்டி எங்க?" ஒரு நாளைக்கு அம்பது தடவ வாய் நிறையச் சொல்லுவேன். எத்தன பேருக்கு அந்த பாக்கியம் கிடைக்கும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஊராட்சித் தேர்தல் வந்துச்சு. நாந்தான் நிக்கணும்னு எல்லாம் தயாரு. சட்டை கூட நாலு எடுத்துட்டேன். கடைசியில எங்க ஊரு தலைவர் பதவிய பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. மேடையில நான் எத்தன தடவ கேட்டிருக்கேன், பெண்களுக்கு இடஒதுக்கீடு வேணும்னு! அதுக்காக எங்க ஊர்லயா குடுக்கறது? மூணு நாள் சோறு இறங்கல. நாலாம் நாள் அவளக் கூப்பிட்டு, "விடுதலை, ஒரு போட்டோ எடுக்கணும், நல்ல சேலை கட்டிக்கிட்டு வா"ன்னேன்.

பூட்டு சாவி சின்னம். பத்தொம்பது நாள் பிரச்சாரம். அவ வேன்ல நின்னு கும்பிடுவா, நான் பேசுவேன். வழியில எவளாச்சும், "யக்கா, ஜெயிச்சா எங்களுக்கு என்ன பண்ணுவ?"ன்னு கேட்டா, அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் பதில் சொல்லிருவேன். ஏதாவது ஏடாகூடமா சொல்லித் தொலைச்சான்னா? கீழத்தெருவுல மட்டும் ரெண்டு மணி நேரம் ஹென்றி. அங்க ஒரு கிழவர், "பேட்ரிக்கு எந்த வார்டுக்கு நிக்கிறாரு?"ன்னு கேட்டாரு. அந்த அளவுக்கு ஜனங்க மனசுல பதிஞ்சிட்டாரு.

எரநூத்துப் பன்னெண்டு ஓட்டுல ஜெயிச்சோம். பேச்சு ஜெயிச்சது சார்! ஊர்க்காரனுங்க என்ன சொல்றானுங்கன்னா, அஞ்சலைக்காவுக்காகப் போட்டோம்ங்கறானுங்க. அவளுக்கு என்ன தெரியும்? ரவிக்க தைப்பா. ஊருப் பொம்பளைங்க அத்தன பேரும் அளவு குடுக்க வருவாளுங்க. ஒரு அளவு குடுக்க ஒரு மணி நேரம். அங்க குழாயில தண்ணி வரல, இங்க பள்ளிக்கூடச் சுவரு சாஞ்சு கிடக்கு, என் புருசன் குடிச்சிட்டு வர்றான்னு ஒரே பேச்சு. வெட்டிப் பேச்சு. முப்பது வருசமா அதக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தா. அதுக்கா சார் ஓட்டுப் போடுவாங்க?

ரெண்டு வருசம் ஊராட்சிய நான் எப்படி நடத்துனேன் தெரியுமா? தலைவர் நாற்காலியில நான். பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல அவ. டீ கேட்டா அவதான் எந்திரிச்சுப் போவா. வெளியூர்க்காரங்க வந்தா நேரா எனக்குத்தான் மாலை. எல்லாரும் என்னை, "தலைவரே, தலைவரே"ம்பாங்க. தண்ணி எந்தத் தெருவுக்கு எப்ப விடணும்னு டேங்க் ஆபரேட்டருக்கு நான்தான் சொல்லுவேன். முதல்ல எங்க தெரு, அப்பறம் கோயில் தெரு, கடைசியில கீழத்தெரு. பள்ளத்துல இருக்கற தெருவுக்குத் தண்ணி தானா இறங்காதா, அவங்களுக்கு என்ன அவசரம்? மோட்டார் நிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி விட்டாப் போதும்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்.

போன ஆகஸ்ட் பதினஞ்சு. கிராம சபைக் கூட்டம். சுதந்திர தினம் சார்! ஹென்றிக்குன்னே செஞ்ச நாள். ஊர் மொத்தமும் வந்திருக்கு. கீழத்தெருப் பொம்பளைங்க காலிக் குடத்தோட வந்து முன்னாடி உக்காந்துட்டாளுங்க. எனக்கு சந்தோசம், இத்தன பேரு பேச்சு கேக்க வந்திருக்காங்கன்னு. ஆரம்பிச்சேன். தலைவர் வருவாரேங்கற பயம் இல்ல, காரு லைட்டு இல்ல, வெடி இல்ல. முப்பத்தோரு வருசத்துல ஊர் மொத்தத்துக்கும் முன்னாடி முதல் தடவையா யாரும் நிறுத்த முடியாத பேச்சு. அம்பது நிமிசம். நடுவுல ஒரு பொம்பள, "தண்ணி..."ன்னு எந்திரிச்சா, கையக் காட்டி உக்கார வெச்சேன். சர்ச்சுக்குள்ள போயிட்டேன். குரல ஏத்திட்டேன். உடம்பெல்லாம் புல்லரிக்குது. "எனக்குச் சுதந்திரம் கொடு..."

பின்னாடி ஸ்டூலு நகர்ற சத்தம் கேட்டுச்சு. டீக்குப் போறாளாக்கும்னு நெனச்சேன். வந்தா. என் கையில இருந்த மைக்க, வேகமாக் கூட இல்ல, அடுப்புல இருந்து பாலை இறக்குற மாதிரி, பதமா எடுத்துக்கிட்டா.

"இல்லையேல் மரணம் கொடுன்னு முடியும்"னா. "எனக்கு மனப்பாடம். முடிஞ்சிருச்சுங்க, நீங்க உக்காருங்க. தண்ணி விசயத்தப் பேசிருவோம்."

கைதட்டுனாங்க சார்! என் பேச்சுக்குத்தான். இருந்தாலும் அவ நிக்கும்போது தட்டிட்டாங்க.

அப்பறம் அவ பேசுனது ஒரு பேச்சா? ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல, ஒரு அறிஞர் இல்ல. எந்தெந்தத் தெருவுல எத்தன வீடு, எந்த வால்வு துருப்பிடிச்சிருக்கு, எந்த வீட்டுல மாசமா இருக்கற புள்ள ஒரு மைல் குடம் தூக்குதுன்னு, என்னமோ ரவிக்க அளவு சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே போறா. பத்து நிமிசம்தான். "நாளையில இருந்து தண்ணி முதல்ல கீழத்தெருவுக்கு. எங்க தெருவுக்குக் கடைசி. சம்மதம்னா கையத் தூக்குங்க"ன்னா. எல்லாரும் தூக்கிட்டாங்க. ஒரு தீர்மானம்னா அதுல நாலு வரியாவது உணர்ச்சி வேணாமா? மறுநாள் காலையில எங்க வீட்டுக் குழாய்ல காத்துதான் வந்துச்சு.

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன். மானம் போச்சு, முப்பத்தோரு வருச உழைப்பு போச்சு, ஹென்றி இருந்தா என்ன நெனச்சிருப்பாருன்னு கேட்டேன். அவ மிஷின்ல நூலு கோத்துக்கிட்டே, "அவரு அந்தப் பேச்சு பேசயில அவரு சம்சாரம் எங்க இருந்தாங்க?"ன்னா.

நான் என்னத்தக் கண்டேன்? பதினோரு வரியில சம்சாரம் இல்ல. அவ போன்ல கேட்டாளாம். இப்ப போனே தமிழ்ல படிச்சுச் சொல்லுதாம்ல. அந்தம்மா பேரு சாராவாம். ஆறு புள்ளையாம். அதுக்கப்பறம் புத்தி பேதலிச்சுப் போச்சாம். வீட்டுக்கு அடியில ஒரு அறையில வெச்சிருந்தாங்களாம். ரிச்மண்ட் பேச்சுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் செத்துப் போனாங்களாம். "அவரு சுதந்திரம் கொடுன்னு கேட்டாரு. அந்தம்மா கீழ இருந்து என்ன கேட்டுச்சோ? அத யாரும் எழுதி வெக்கல"ன்னா.

நான் விடுவேனா? அந்தக் காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சங்கிலியில கட்டிப் போடுவாங்க. அங்க அனுப்பாம வீட்டுலயே வெச்சுப் பாத்தாரே, அதுல ஒரு பெருந்தன்மை இருக்கா இல்லையா? அடுத்து அவ, அடிமைங்கள வெச்சிருந்தாருன்னு சொன்னா. வெச்சிருந்தாரு. ஒத்துக்கறேன். நெறைய பேரு. ஆனா அது தப்புன்னு அவரே ஒரு கடிதாசியில எழுதியிருக்காரு. தப்புதான், ஆனா அவங்க இல்லாம இங்க குடித்தனம் பண்றது சிரமமா இருக்குன்னு மனசாரச் சொல்லியிருக்காரு. எத்தன பேருக்கு சார் அந்த நேர்மை வரும்? நான் கூடத்தான் சொல்றேன், பொம்பளைங்க அடுப்படியில கிடக்கறது தப்பு. மேடைக்கு மேடை சொல்றேன். அதுக்காக வெந்நிய நானா போட முடியும்?

அதோட விட்டாளா? அந்தப் பேச்சையே அன்னிக்கு யாரும் எழுதி வெக்கலையாம். அவரு செத்துப் பதினெட்டு வருசம் கழிச்சு, யாரோ ஒருத்தர் கேட்டவங்க ஞாபகத்துல இருந்து எழுதுனதுதானாம். "உங்க பேச்சையும் நாளைக்கு யாராச்சும் எழுதணும்னா எங்கிட்டதான் வரணும்"னு சிரிக்கிறா. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நான் எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டேன். பயம்தான் சார், வேற என்ன.

அன்னையில இருந்து நாற்காலி அவளுக்கு. ஸ்டூலாவது எனக்குன்னு பாத்தா, அத தையல் மிஷினுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. அக்டோபர் ரெண்டு கூட்டத்துல நான் ஜனங்களோட ஜனமா கீழ மூணாவது வரிசை. பேசணும்னா கை தூக்கணுமாம். யாரா இருந்தாலும் ரெண்டு நிமிசமாம். ரெண்டு நிமிசத்துல நான் தொண்டையச் செருமத்தான் முடியும். கையத் தூக்கினேன். "அந்த வேட்டி கட்டுன ஐயாவுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுங்க"ன்னா. ஐயா! கட்டுன புருசன! எந்திரிச்சு நின்னேன். முப்பத்தோரு வருசத்துல முதல் தடவையா எனக்குப் பேச்சு வரல. "எங்க தெருவுக்குத் தண்ணி வரல"ன்னுட்டு உக்காந்துட்டேன். குறிச்சுக்கிட்டா. மறுநாள் சாயங்காலம் வந்துருச்சு. அதுதான் சார் எனக்கு இன்னும் அவமானமாப் போச்சு.

அதான் மனு. மூணு பக்கம். ராத்திரி பகலா எழுதுனேன். கழகத்தின் மூத்த பேச்சாளரின் பேச்சுரிமை சொந்த ஊராட்சியிலேயே பறிக்கப்படுகிறது, தலைவரைக் கண்டித்து எனக்கு மைக்கைத் திருப்பி வாங்கித் தரணும், அப்படின்னு. இந்தாங்க, நீங்க படிச்சவரா தெரியறீங்க, ஒரு தடவ பாத்து உருக்கமா இருக்கான்னு சொல்லுங்க. ஹென்றி ரெண்டாம் பக்கத்துல வர்றாரு.

என்ன சார்? எங்க? கடைசியிலயா? என் கையெழுத்துதான். ஏன், என்ன போட்டிருக்கு?

அஞ்சலையா?

குடுங்க இப்படி. கண்ணாடி... ஆமா. அஞ்சலைன்னுதான் போட்டிருக்கு. ஊராட்சித் தாள் எல்லாத்துலயும் ரெண்டு வருசமா அவ பேர நான்தானே போட்டேன். அவளுக்கு எதுக்குச் சிரமம்னுதான். கை பழகிப் போச்சு. போன மாசம் அவளே முதல் தடவையா ஒரு கடிதாசில கையெழுத்துப் போட்டு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்புனா. கையெழுத்து ஒத்துப் போகல, இது தலைவர் கையெழுத்து இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு நான் சிரிச்சேன் சார். அவ சிரிக்கல. அவ பேர அவளே போட்டு, அது அவ இல்லன்னுட்டாங்க.

இத இப்படியே குடுத்தா, அவளக் கண்டிக்கணும்னு அவளே மனு குடுத்த மாதிரி ஆயிரும். இருங்க, ஒரு பேனா குடுங்க. இத அடிச்சிட்டு என் பேரப் போட்டுக்கறேன். பஸ்ஸு குலுங்குது. டிக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்.

இல்ல. இன்னொரு தடவ.

என்ன சார் இது, மறுபடியும் அவ பேருதான் வருது.